எதுகையும் ஊர்ச் செவியும்

எதுகை கண்ணுக்கு உரியதா, காதுக்கு உரியதா என்னும் வினா பழமையானது. இரண்டாம் எழுத்து ஒன்றிவரத் தொடுப்பது எதுகை என்று யாப்பு நூல்கள் கூறும். ‘எழுத்து’ என்று அவை சொல்லும்பொழுது ஏட்டில் கீறிய வரிவடிவையும் கருதலாம். வாயில் பிறக்கும் ஒலியையும் கருதலாம். எழுதுவதும் ஒலிப்பதும் ஒன்றாகவே இருக்கும் ஊரில் இவ்வினா எழவே எழாது. ஆனால், அத்தகைய ஊர் தமிழ் வழங்கும் நிலத்தில் எங்கேனும் உண்டா? மதுரையில் ஒரு விதமாகவும், சென்னையில் ஒரு விதமாகவும், யாழ்ப்பாணத்தில் ஒரு விதமாகவும் ஒலிக்கும் மொழியை நாம் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு வேறொரு விதமாக ஒலிக்கிறோம். தமிழகத்து உறவினர் நம் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு, “மலையாள வாடை அடிக்கிறது” என்று நகைப்பதைக் கேட்டிராத தமிழ்க் குடும்பம் இவ்வூரில் அரிது. பேச்சோடு நில்லாமல் அந்நகைப்பு, பிள்ளைகள் எழுதும் செய்யுள் மீதும் பாய்கிறது. ஆதலால் இதனைச் சற்று ஆராய்வது தகும்.

ஊர் ஒலியால் எதுகை மாறுவது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இலண்டன் மாநகரின் கீழ்ப்பகுதியில் வாழும் காக்னி மக்களிடையே ஒரு வேடிக்கையான குழூஉக்குறி வழக்கு உண்டு. மாடிப்படியை அவர்கள் ‘ஆப்பிள்ஸ் அண்டு பேர்ஸ்’ என்பர். படிக்கட்டைக் குறிக்கும் ‘ஸ்டேர்ஸ்’ என்பதோடு ‘பேர்ஸ்’ இயைகிறது என்பதே காரணம். பிறகு இயையும் சொல்லையும் விட்டுவிட்டு, வெறும் ‘ஆப்பிள்ஸ்’ என்றே சொல்லிவிடுவர். அயலானுக்கு ஒன்றும் விளங்காது. ஐந்து பவுண்டு நோட்டான ‘ஃபைவர்’ அவர்களிடம் ‘லேடி கொடைவா’ ஆகிறது. ஈற்று ரகரத்தை விழுங்கி ‘ஃபைவா’ என்று ஒலிக்கும் இலண்டன்காரனுக்குத்தான் இவ்வியைபு பொருந்தும். ரகரத்தை உருட்டி ஒலிக்கும் ஸ்காத்லாந்துக்காரனுக்கு அது இயைபே அன்று.

இது தெருவோர விளையாட்டு என்று தள்ளிவிட இயலாது. பெருங்கவிஞர்களும் இதில் அகப்பட்டிருக்கின்றனர். இலண்டனில் பிறந்த கீட்ஸ், ‘தாட்ஸ்’ என்பதோடு ‘சார்ட்ஸ்’ என்பதையும், ‘ஃபான்ஸ்’ என்பதோடு ‘தார்ன்ஸ்’ என்பதையும் இயைத்துப் பாடினார். அவர் செவிக்கு அவை முழு இயைபுகளே. 1818ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்து ஏடொன்றில் லாக்கார்ட் என்பார் ‘காக்னிப் பள்ளி’ என்று பெயரிட்டுக் கீட்ஸையும் அவர் கூட்டத்தாரையும் எள்ளி எழுதினார். அங்கே ஏளனத்துக்கு ஆளானது கவிதை மட்டுமன்று. பிறந்த தெருவும் படித்த பள்ளியும் சேர்ந்தே ஏளனத்துக்கு ஆளாயின. வட இங்கிலாந்தினரான வோர்ட்ஸ்வொர்த், நீரைக் குறிக்கும் ‘வாட்டர்’ என்பதை ‘மாட்டர்’ என்பதோடு இயைத்தார். அவர் ஊரில் அவ்விரண்டும் ஒன்றாகவே ஒலித்தன. அவ்வியைபுக்காக அவர் கீட்ஸைப் போல நகைக்கப்பட்டதாகத் தெரியவில்லை. எந்த ஊர் ஒலி பிழை, எந்த ஊர் ஒலி அழகு என்பதனைச் செவி மட்டும் முடிவு செய்வதில்லை போலும். அலெக்சாண்டர் போப் தேநீரை ‘டே’ என்று ஒலித்து, ‘ஒபே’ என்பதோடு இயைத்தார். இன்றைய ஆங்கில மாணவன் அதனைப் படிக்கும்பொழுது இயைபு முறிந்து கிடக்கிறது; கவிஞர் பிழைசெய்யவில்லை, காலம் ஒலியை மாற்றிவிட்டது.

தமிழிலும் குழூஉக்குறி உண்டு. நன்னூல் அதனைத் தகுதி வழக்கில் ஒன்றாக வைத்தது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்றும் கூறுவர் என்பது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. கள்ளுக்குச் சொல்விளம்பி என்னும் பெயர் எத்துணைப் பொருத்தம்! ஆயின், இவை பொருளால் மறைப்பன. ஒலியால் மறைப்பன அல்ல. ஆங்கிலத்தில் இயைபு சொல்லின் கடையில் நிற்கிறது. தமிழில் எதுகை சொல்லின் தலையில் நிற்கிறது. இதனால் இலண்டன் வழக்கைப் போன்ற ஒன்று நம்மிடம் தோன்றவில்லை என்று எண்ணுகிறோம். அதற்கு ஈடாக, எழுத்தறியாதவரும் நாள்தோறும் எதுகை தொடுக்கும் வழக்கொன்று நம்மிடம் உண்டு. ‘பணம் கிணம்’, ‘புலி கிலி’, ‘பாட்டு கீட்டு’, ‘வீடு கீடு’ என்னும் எதிரொலிச் சொற்களை நோக்குக. முதலெழுத்து மட்டும் மாறுகிறது, எஞ்சியவை மாறுவதில்லை. முதலெழுத்து குறிலாயின் ‘கி’ வருகிறது. நெடிலாயின் ‘கீ’ வருகிறது. எதுகைக்கு முதலெழுத்தின் அளவு ஒத்திருத்தல் வேண்டும் என்று யாப்பு வகுத்த விதியும் இதுவே. காய்கறி விற்பவளும் வண்டியோட்டியும் காரிகை கற்றவர் அல்லர். ஆனால், அவர்கள் வாயில் இவ்விதி ஒருகாலும் பிழைப்பதில்லை.

இனி நம் ஊர்ச் செவிக்கு வருவோம்.

‘காற்று’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தின் பெரும்பகுதியில் பேச்சில் இது ‘காத்து’. மேடையில் படிக்கும்பொழுது ‘காட்ரு’ என்பதுபோல் ஒலிக்கும். ‘பார்த்து’ என்பதும் பேச்சில் ‘பாத்து’ ஆகும். ஆகவே, திரைப்பாடல் எழுதுவோர் இவ்விரண்டையும் தயங்காமல் எதுகையாக்குவர். அவர்கள் செவிக்கு அது நிறைவான எதுகை. திருவனந்தபுரத்தில் வளர்ந்த செவிக்கு அது எதுகையாகாது. மலையாளத்திலும், குமரி மாவட்டத்து மேற்குப் பகுதித் தமிழிலும், யாழ்ப்பாணத் தமிழிலும் இரட்டை றகரம் தகரமும் அன்று, டகரமும் அன்று. நுனிநா மேல்வாயின் முன்புறத்தை அழுந்தத் தொட்டுப் பிறக்கும் தனி வல்லொலி அது. தொல்காப்பியர் பிறப்பியலில் றகரத்துக்குச் சொல்லும் இலக்கணமும் நுனிநா மேலெழுந்து அண்ணத்தை ஒற்றுதல் என்பதே. ரகரத்துக்கு அவர் வருடுதலைச் சொல்கிறார். றகரத்துக்கு ஒற்றுதலைச் சொல்கிறார். றகரத்தை வல்லினத்தில் வைத்ததன் காரணமும் அங்கே விளங்கும். ‘காட்ரு’ என்று படிக்கும் மேடைப் பேச்சாளரைவிட, சாலைக் கடைத்தெருவில் ‘காற்று’ என்று சொல்லும் நம் சிறுவன் இவ்வொரு சொல்லிலாவது தொல்காப்பியருக்கு நெருங்கி நிற்கிறான்.

இவ்வேறுபாடு ஆங்கிலச் சொற்கள் தமிழில் புகும்பொழுது இன்னும் வெளிப்படையாகிறது. வாயிற்கதவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மதுரையில் ‘கேட்டு’. அங்கே அதற்குப் பாட்டு, வீட்டு, நீட்டு என்பன எதுகையாகும். அதே சொல்லை மலையாளிகள் இரட்டை றகரமிட்டு எழுதுகின்றனர். ஈழத்தவரும் ‘கேற்’ என்றே எழுதுவர். நம் வீட்டுப் பிள்ளைகளின் வாயிலும் அது ‘கேற்று’தான். அவர்களுக்கு அதன் எதுகை காற்று, நேற்று, ஊற்று என்பன. கல்லூரியைக் குறிக்கும் சொல்லோ தமிழகத்தில் ‘காலேஜ்’. மாலை, சாலை, வேலை என்பவற்றோடு சேரும். இவ்வூரில் அது ‘கோளேஜ்’; நாளை, வேளை, பாளை என்பவற்றோடு சேரும். ஒரே ஆங்கிலச் சொல், இரண்டு தமிழ் எதுகைகள்! கனடா நாட்டு நகரமொன்றைத் தமிழகத்தார் ‘டொராண்டோ’ என்றும், அங்குக் குடியேறிய ஈழத்தவர் ‘ரொறன்ரோ’ என்றும் எழுதுவதும் இவ்வகையினதே. ஆங்கில டகரம் நம் டகரத்துக்கு நெருங்கியதா, றகரத்துக்கு நெருங்கியதா என்பதில் தமிழ்ச் செவிகள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. ஆங்கிலேயன் அவ்வொலியை நுனிநாவால் பல்லின் பின்புற மேட்டில் ஒற்றி ஒலிப்பதைக் கருதினால், றகரத்தார் கட்சியே வலுவுடையது.

ழகரத்தில் நிலை அனைவரும் அறிந்தது. தென்பாண்டி நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் அது ளகரமாகிறது. சென்னைத் தெருப்பேச்சில் யகரமாகிறது. கேரளத்திலோ பாமரர் வாயிலும் ‘மழை’யின் ஒலி கெடாமல் நிற்கிறது. எனவே, ‘பழம்’, ‘வளம்’ என்னும் இரண்டும் மதுரைச் செவிக்கு முழு எதுகை. நம் செவிக்குச் சற்றே பிசிறு தட்டும். ஆயினும் ல, ள, ழ என்னும் மூன்றும் இடையினமாதலின், இலக்கணம் இதனை இடையின எதுகை என்று ஏற்றுக்கொள்ளும். ண, ன மயக்கமும் அவ்வாறே மெல்லின எதுகையாக ஏற்கப்படும். காற்றும் பாட்டும் சேர்ந்தாலும் வல்லின எதுகை என்று சொல்லித் தப்பிவிடலாம். தப்ப இயலாத இடம் ஒன்றே: ரகரமும் றகரமும். ஒன்று இடையினம், மற்றொன்று வல்லினம். எந்த இன எதுகையிலும் இவை சேரா. ‘அரம்’, ‘அறம்’ என்பவற்றை ஒன்றாக ஒலிக்கும் ஊரில் பிறந்த கவிஞன் ‘மரம்’ என்பதற்கு ‘அறம்’ என்பதை எதுகையாக்கிவிட்டு, எங்கே பிழைத்தோம் என்றே அறியாதிருப்பான். நம்மவர் இவ்விடத்தில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. மலையாளம் இவ்விரு ஒலிகளையும் இன்றுவரை வேறாகவே காத்துவருவதன் பயன் இது. வாடை என்று நகைக்கப்பட்டதே இங்கு வேலியாகிறது.

இப்படிச் சொல்வதால், நம் வாயில் எல்லாம் தூய்மை என்று மார்தட்டலாகாது. மலையாளத்தில் ‘வந்து’ என்பது ‘வந்நு’ ஆகிறது. ‘குன்று’ என்பதும் ‘குந்நு’ ஆகிறது. ஆதலின் அம்மொழியில் அவ்விரண்டும் முழு எதுகை. வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமுமாக வளரும் குழந்தைக்கு இவை ஒன்றுபோல் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால், தமிழில் ஒன்று தந்நகரம், மற்றொன்று றன்னகரம். மெல்லின எதுகை என்று இதற்கும் இடமுண்டெனினும், குழந்தை அதனை இன எதுகை என்று அறிந்து தொடுக்கவில்லை. ஒரே எழுத்தென்று எண்ணித் தொடுக்கிறது. வேறுபாட்டைச் சொல்லிக்கொடுப்பது பெற்றோர் கடமை. நகைப்பது எவர் கடமையும் அன்று.

இன எதுகை, வருக்க எதுகை, நெடில் எதுகை, ஆசிடை எதுகை என்று காரிகையும் அதன் உரையும் இத்தனை வாயில்களைத் திறந்து வைத்தது ஏன்? கவிஞனுக்கு இரங்கி அளித்த சலுகை என்று சொல்வது வழக்கம். அது மட்டுமே காரணம் என்று நமக்குத் தோன்றவில்லை. வெவ்வேறு நாட்டுப் புலவர் வெவ்வேறு செவியோடு பாடியவற்றையெல்லாம் ஒரு நூலுக்குள் அடக்கவேண்டிய தேவையும் இருந்திருக்கும். ஆசிடை எதுகையையே பார்க்கலாம். ‘வாய்மை’, ‘தீமை’ என்னும் சொற்களுக்கிடையே யகர ஒற்று நின்றாலும் எதுகை கெடாது என்பர். ய, ர, ல, ழ என்னும் நான்கு ஒற்றுகளுக்கே இவ்வுரிமை. அழுந்தப் பற்றாமல் பேச்சில் எளிதில் நழுவும் ஒலிகள் இவை. ‘பார்த்து’ என்பது ‘பாத்து’ ஆவதை மேலே கண்டோம். பொன்னைப் பொன்னோடு இணைக்கும் பற்றாசை நினைவூட்டும் ‘ஆசு’ என்னும் பெயரும் அழகியது.

மோனையில் இது இன்னும் தெளிவாகும். ஞகரத்துக்கு நகரமும், வகரத்துக்கு மகரமும் மோனையாகும் என்பது விதி. மதுரையில் ‘நண்டு’, நம் ஊர் மீன்சந்தையில் ‘ஞண்டு’. பழந்தமிழிலும் ‘ஞண்டு’ உண்டு. ‘விழுங்கு’ என்பதைப் பேச்சில் ‘முழுங்கு’ என்கிறோம். ‘விஞ்சு’, ‘மிஞ்சு’ இரண்டும் எழுத்து வழக்கிலேயே உண்டு. இகரத்துக்கு எகரமும் உகரத்துக்கு ஒகரமும் மோனையாவதையும், இலையை ‘எலை’ என்றும் உடம்பை ‘ஒடம்பு’ என்றும் நாம் பேசுவதையும் சேர்த்து நோக்குக. கிளையெழுத்துப் பட்டியல் வானத்திலிருந்து விழுந்ததன்று. மக்கள் வாயிலிருந்து எடுத்ததே.

எதுகை நம் ஊரில் வெறும் இலக்கணச் செய்தியாக நின்றுவிடவில்லை. பெரும் போராகவே மூண்டதுண்டு. 14ஆம் நூற்றாண்டில் தோன்றிய ‘லீலாதிலகம்’ என்னும் நூல், ‘பாட்டு’ என்னும் கேரள இலக்கிய வகைக்கு இலக்கணம் கூறுமிடத்து, தமிழ் எழுத்துகளால் ஆகி, எதுகையும் மோனையும் பெற்றுவரவேண்டும் என்று விதித்தது. வடமொழியில் எழுதப்பட்ட அந்நூலில் எதுகை, மோனை என்னும் சொற்கள் அப்படியே ஆளப்பட்டிருக்கின்றன. ‘ராமசரிதம்’ அவ்வகைக்குச் சான்று. பாட்டு வழக்கு ஒழிந்து, வடமொழி விருத்தங்கள் ஓங்கிய பின்னரும் எதுகை மட்டும் கேரளச் செய்யுளை விட்டு அகலவில்லை. ‘துவிதீயாட்சரப் பிராசம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு நிலைத்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பிராசம் வேண்டுமா, வேண்டாவா என்று மலையாளப் புலவர் இரு கட்சியாயினர். வேண்டும் என்றவர் ‘மயூரசந்தேசம்’ பாடிய கேரளவர்மா வலிய கோயித்தம்புரான். பொருளுக்கு இடையூறாயின் வேண்டா என்றவர் அவருடைய மருமகனும் மாணவருமாகிய ஏ. ஆர். ராஜராஜவர்மா. ஒருவர் கேரள காளிதாசர் என்று போற்றப்பட்டவர். மற்றவர் கேரள பாணினி. மாமனும் மருமகனும் எதுகைக்காகப் பொருத காட்சி வேறெந்த இலக்கியத்தில் உண்டோ! கே. சி. கேசவபிள்ளை பிராசத்தை நீக்கிக் ‘கேசவீயம்’ என்னும் மகாகாவியம் பாடி மருமகன் கட்சியை நிறுவினார். பிராசத்தைக் கைவிடாமல் ‘உமாகேரளம்’ பாடி மாமன் பக்கம் நின்றவர் உள்ளூர் பரமேசுவர ஐயர். மலையாளத்தோடு தமிழையும் கற்று எம்.ஏ. பட்டம் பெற்றவர் உள்ளூர். எதுகையின் பக்கம் அவர் சாய்ந்ததில் தமிழ்ச் செவிக்கும் பங்கிருக்கும் என்று கருத இடமுண்டு.

இப்போரில் காலம் ராஜராஜவர்மா பக்கமே தீர்ப்பளித்தது. நாமும் அவர் கூறியது நேர்மையானது என்றே கொள்வோம். நான்கு அடியிலும் ஒரே எழுத்தைத் தேடி அலையும்பொழுது பொருள் களைத்துவிடுகிறது. மயிலைத் தூதனுப்பும் பாட்டில் மயிலைவிடப் பிராசமே மிகுதியாகத் தோகை விரிக்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால், எதுகை அயற்சரக்கு என்று அக்காலத்தில் எவரேனும் கருதியிருப்பின் அது பொருந்தாது. ராமசரிதம் தொடங்கி அது இம்மண்ணின் சொந்தச் சொத்து.

தமிழ்ப் பக்கத்தில் இச்சிக்கலை ஓசையின்றித் தீர்த்தவர் ஒருவர் இவ்வூரில் முன்னரே இருந்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராயிருந்த பெ. சுந்தரம் பிள்ளை, 1891ஆம் ஆண்டில் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டார். ஷேக்ஸ்பியர் கையாண்ட இயைபற்ற செய்யுளுக்கு ஒப்பாக அவர் தேர்ந்தது ஆசிரியப்பா. எதுகை கைவந்த இடத்தில் கொண்டு, வாராத இடத்தில் வருந்தி அழையாமல் நடக்கும் பாவினம் அது. அக்கல்லூரியிலேயே பின்னர் ராஜராஜவர்மாவும் பணியாற்றினார். மலையாளத்தில் கட்சி கட்டிப் பொருத வினாவுக்குத் தமிழ் யாப்பிலேயே விடை இருந்ததை நம் பேராசிரியர் காட்டிவிட்டார். ஆனால், இரு மொழிப் புலவரும் இதுபற்றித் தம்முள் உரையாடியதற்குரிய சுவடு நம் கண்ணில் பட்டதில்லை. ஒரே தெருவில் இரண்டு நூலகங்கள் போல் இருந்துவிட்டனர்!

தேரூரில் பிறந்து இந்நகரத்து மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் எளிமையை எல்லாரும் புகழ்வர். அவ்வெளிமையில் ஒலிச் செப்பமும் அடங்கும் என்பதைச் சொல்வார் குறைவு. நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தில் வீட்டுப் பேச்சை வாரி எடுத்துக்கொண்டவர், ரகர றகரங்களைத் தடுமாற விடவில்லை. உரைநடைக்கு வந்தால், சாலைக் கடைத்தெருவைக் கதைகளில் நிறுத்திய ஆ. மாதவனும், ‘தலைமுறைகள்’ எழுதிய நீல. பத்மநாபனும் இவ்வூர்த் தமிழ்ச் செவியின் நுட்பத்தை எழுத்தில் பதித்தனர். உரைநடையில் ஊர் ஒலியை வரவேற்கும் தமிழுலகம் செய்யுளில் மட்டும் புருவத்தை உயர்த்துகிறது. கீட்ஸுக்கு நேர்ந்தது போல, அங்கே இலக்கணத்தைவிட ஊரே முன்னால் வந்து நிற்கிறது.

மலருக்கும் கவியரங்குக்கும் பாடல்களைத் தெரிவு செய்யும் அன்பர்களிடம் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ‘மரம்’ என்பதற்கு ‘அறம்’ எதுகையாக வந்தால், அதனை எழுதியவர் எந்த ஊரினராயினும் திருத்துக. ‘வந்து’ என்பதற்குக் ‘குன்று’ வந்தால், எழுதிய பிள்ளையை அழைத்து இரண்டையும் உரக்கச் சொல்லச் செய்க. வேறுபாட்டைத் தானே கண்டுகொள்ளும். ஆனால், ஒரு சிறுமி தன் கோளேஜுக்கு ‘நாளை’யையும், வீட்டுக் கேற்றுக்குக் ‘காற்றை’யும் எதுகையாக்கி எழுதினால், அச்சுப்பிழை என்று கருதி ‘கேட்டு’ என மாற்றிவிட வேண்டா. மாற்றினால் எதுகை போய்விடும்.